ஒரே பஸ், டிரைவருக்கு மாரடைப்பு அதிகம்! ஏன்?

லண்டன் நகரத்தின் சிவப்பு நிற மாடி பஸ்களில் முன்பு இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவர் டிரைவர், இன்னொருவர் கண்டக்டர்.

இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஒரே சாலைப் புகையைச் சுவாசித்தார்கள். ஆனால், மாரடைப்பு மட்டும் இருவருக்கும் ஒரே அளவில் வரவில்லை. டிரைவர்களுக்கு அதிகமாக வந்தது. கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. அதன் கடுமையும் குறைவாகவே இருந்தது!

இதைக் கண்டுபிடித்தவர், ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர். லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31 ஆயிரம் பேரை அவரது குழு ஆராய்ந்தது. முடிவு 1953-ம் ஆண்டு "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று.

தினமும் 500 படி

டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக, தினமும் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார்.

டிரைவர்களின் இடுப்பளவும் பெரிதாக இருந்தது. இது 1956-ல் சீருடைக் கணக்கைப் பார்த்தபோது தெரிந்தது. அப்படியானால் பருமன்தான் காரணமோ என்ற சந்தேகம் எழுந்தது. ஆனால், நடந்து திரிந்த தபால்காரர்களுக்கும், உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாக்களுக்கும் இடையே இதே வித்தியாசம் காணப்பட்டது. பிறகு பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளும், உடல் உழைப்பு இருதயத்துக்கு நல்லது என்றே காட்டின.

ஒரு குடம் ரத்தம்!

இருதயம் என்பது கைமுஷ்டி அளவுள்ள ஒரு தசை. நாம் சும்மா இருக்கும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 70 தடவை துடித்து, 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. வேகமாக ஓடும்போது இது 20 லிட்டர் வரை உயரும். அதாவது, நிமிடத்துக்கு ஒரு குடத்துக்கு மேல்!

இந்த ரத்தம் எங்கே போகிறது? விவசாயி ஒரு மடையை அடைத்து, இன்னொரு மடையைத் திறப்பது போல, உடம்பும் செய்கிறது. வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கை, கால் தசைகளுக்குப் போவது பெருகுகிறது. மூளையின் பங்கு மட்டும் குறைவதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஓடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

இருதயத்துக்கு ஓய்வு

தினமும் பயிற்சி செய்தால் இருதயம் பலம் பெறும். ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். அதனால், ஓய்வு நேரத்தில் நிதானமாகத் துடித்தாலே போதும். நிமிடத்துக்கு 10 துடிப்பு குறைந்தால், ஒரு நாளில் 14,400 துடிப்பு மிச்சம்! ரத்தக் கொதிப்பும் தணியும்.

எவ்வளவு நடப்பது?

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது, உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி வீதம், ஐந்து நாள் வேகமாக நடந்தால் கணக்கு சரியாகிவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம்.

மெதுவாகத் தொடங்குங்கள். முடிக்கும்போதும் வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். ஓடியவர் சட்டென்று நின்றால், ரத்தம் கால்களில் தங்கித் தலை சுற்றலாம். இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

நெஞ்சு வலித்தாலோ, இறுக்கிப் பிடித்தாலோ, வலி கைக்குப் பரவினாலோ உடனே நிறுத்துங்கள். "வாயுப் பிடிப்பு" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மிக்குப் பதில் மிக்சி வந்துவிட்டது. கிணற்றுக்கு மோட்டார் வந்துவிட்டது. மாடிக்கு லிப்ட் வந்துவிட்டது. வேலை சுலபமாயிற்று, நல்லதுதான். ஆனால், இருதயத்துக்குப் பதிலாக உழைக்க எந்த இயந்திரமும் வீட்டுக்கு வரவில்லை. அதற்கு நாம்தான் நடக்க வேண்டும்!