அத்தை பாங்கிக்குப் போனாள்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். திடீரென்று ஐம்பது பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் சற்றும் கலங்கமாட்டார். ஆனால், "பாங்கிக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்" என்றால் கை கால் உதறும்.

என் அத்தை அந்த ரகம். மாமா இருந்த வரையில் பாங்கி, பென்ஷன், மின்சாரக் கட்டணம் எல்லாம் அவர் பொறுப்பு. நாலு வருஷத்துக்கு முன் அவர் காலமானார். குடும்பப் பென்ஷன் அத்தை பெயருக்கு வரத் தொடங்கியது. ஆனால் என்ன பயன்? பணம் பாங்கியில் இருந்தது. அத்தை வீட்டில் இருந்தாள். மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்ப்பதற்குக்கூட வெளியூரிலிருந்து மகன் வரவேண்டியிருந்தது.

"தைரியமாகப் போங்கள், அத்தை! உங்களால் முடியும்!" என்றேன் நான். ஒரு தடவையல்ல, பத்துத் தடவை.

"நீ சொல்கிறபோது முடியும் போலத்தான் இருக்கிறதப்பா. நீ தெருக்கோடி திரும்பியதும் அது போய்விடுகிறதே!" என்றாள் அத்தை.

தன்னம்பிக்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் கவனிக்கத் தவறுவதை அத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று நூறு தடவை சொல்லலாம். ஆனால் மனம் லேசில் ஏமாறாது. "எங்கே, அத்தாட்சியைக் காட்டு" என்று கேட்கும்.

அந்த அத்தாட்சியை எப்படிச் சம்பாதிப்பது? இங்கிலாந்தில் ஒருவர் சம்பாதித்த கதையைக் கேளுங்கள்.

ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடுவது மனிதனால் ஆகாத காரியம் என்று ஒரு காலத்தில் பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். 1945-ல் ஸ்வீடன் தேசத்து குண்டர் ஹேக் என்பவர் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடினார். அப்புறம் ஒன்பது வருஷ காலம் அதை யாராலும் மிஞ்ச முடியவில்லை.

ரோஜர் பானிஸ்டர் லண்டனில் வைத்தியக் கல்லூரி மாணவர். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் நாலாவதாக வந்து, பதக்கமில்லாமல் திரும்பியவர். படிப்பு நேரம் போக, மத்தியான இடைவேளையில்தான் ஓடிப் பழக முடிந்தது.

அவர் மைலை நாலாக வெட்டினார். கால் மைலை ஒரு நிமிடத்துக்குள் ஓடினால், நாலு கால் மைல் சேர்ந்து கணக்குச் சரியாகிவிடும் அல்லவா? 1953 டிசம்பரில், நடுவில் சிறிது ஓய்வு விட்டுப் பத்துக் கால் மைல்களை ஓடிப் பழகத் தொடங்கினார். முதலில் ஒவ்வொன்றுக்கும் 66 விநாடி ஆயிற்று. மாதம் போகப் போக, விநாடி விநாடியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஏப்ரலில் 61 வந்தது. அதற்கு மேல் ஒரு விநாடியும் நகரவில்லை!

அப்போது அவர் தம்மை நொந்துகொள்ளவில்லை. சில நாட்கள் ஓட்டத்தை மறந்து, நண்பருடன் ஸ்காட்லாந்து மலைகளில் ஏறப் போனார். திரும்பி வந்து ஓடியபோது 59!

1954 மே 6-ந் தேதி, ஆக்ஸ்போர்டில் பலத்த காற்று. ஓடலாமா, வேண்டாமா என்று கடைசி வரை அவருக்கே சந்தேகம். ஆனாலும் ஓடினார். 3 நிமிடம் 59.4 விநாடி! உலகமே வியந்தது. 46 நாளில், ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதையும் மிஞ்சி 3 நிமிடம் 58 விநாடியில் ஓடிவிட்டார்.

பானிஸ்டருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று என்று நினைக்காதீர்கள். சந்தேகம் ஒரு பக்கம் இருந்தது. மறு பக்கம் 59 என்ற அத்தாட்சியும் இருந்தது.

இதையே பிற்பாடு மனோதத்துவ நிபுணர் ஆல்பர்ட் பண்டூரா ஆராய்ந்து 1977-ல் எழுதினார். நம்மால் முடியும் என்ற எண்ணம் நாலு வழிகளில் வருமாம்: தானே செய்து ஜயித்த அநுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊட்டும் உற்சாகம், தன் உடம்பின் படபடப்பைத் தான் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் மிகவும் பலமுள்ளது முதலாவது. நான் அத்தைக்குப் பத்துத் தடவை ஊட்டியதோ மூன்றாவது சரக்கு! கஷ்டமில்லாமல் வந்த வெற்றியை மட்டும் அறிந்தவர்கள் முதல் தோல்வியிலேயே தளர்ந்துவிடுவார்கள் என்றும் அவர் சொன்னார்.

இதைப் படித்த பிறகு நான் வழியை மாற்றிக்கொண்டேன். "பணம் எடுக்க வேண்டாம், அத்தை. பாஸ் புத்தகத்தில் கணக்கை மட்டும் பதிந்துகொண்டு வரலாம்" என்றேன். முதல் வாரம் நானும் கூடப் போய் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரம் வாசலோடு நின்றுகொண்டேன். மூன்றாவது வாரம், பணம் எடுக்கும் படிவத்தை வீட்டிலேயே பூர்த்தி செய்துகொண்டு அத்தை தனியாகப் புறப்பட்டாள்.

அரை மணியில் முகம் வாடித் திரும்பினாள். கை நடுங்கியதில் கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்! "இனி இந்தப் பேச்சே வேண்டாம்" என்று கையிலிருந்ததை மேஜைமேல் போட்டாள். நானே போய்ச் சமாளித்துவிடலாம் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்று இரவு கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்புறத்தில் அத்தை கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து என்னிடம் சொல்லாமலே போய், 2,000 ரூபாயும் அரைக் கிலோ கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்!

நீங்கள் எதைக் கண்டு அஞ்சுகிறீர்கள்? மேடைப் பேச்சா? உத்தியோகப் பேட்டியா? சைக்கிள் விடுவதா? அதை நாலாக வெட்டுங்கள். முதல் துண்டு, இன்றைக்கே செய்யக்கூடியதாக இருக்கட்டும். ஆனால் சிறிதாவது பிரயாசை கேட்பதாகவும் இருக்கட்டும். செய்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். மனம் அத்தாட்சி கேட்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். 61-ல் நின்றுவிட்டால் இரண்டு நாள் மலையேறப் போங்கள்; மலை இல்லாவிட்டால் மொட்டை மாடி போதும். பிறகு மறுபடி ஓடுங்கள். உங்கள் வீட்டார் இப்படி முயலும்போதோ, அவர்கள் காரியத்தை நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள்.

போன மாதம் அத்தையோடு பாங்கிக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் அம்மாள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றாள். அத்தை அவளருகில் போனாள்.

"முதல் தடவையா? அப்படியானால் இன்றைக்குப் பாஸ் புத்தகத்தை மட்டும் பதிந்துகொண்டு போ, அம்மா. பணம் எடுப்பதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். நான் வருகிறேன்" என்றாள்.