உள்ளேன் ஐயா!

ஆறாம் வகுப்புக்கு நான் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. லேபில் 20 கம்ப்யூட்டர்கள். எல்லாம் கேபிள் வழியே ஒரே ரௌட்டரோடு இணைந்திருந்தன. புதிதாக 21ஆவது ஒன்று வந்து சேர்ந்தது. மறுநாள், 7ஆம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்றாள். "சார், நெட் வருது, போகுது. வருது, போகுது."

கேபிளைக் கழற்றி மாட்டினேன். வேறு கேபிள் போட்டுப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. அரைமணி நேரம் கழித்து, அறையின் மறுகோடியில் இருந்த புதிய கம்ப்யூட்டரை யாரோ அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் 7ஆம் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடத் தொடங்கியது! புதியதை மறுபடி போட்டால் மறுபடி அதே தகராறு.

விஷயம் இதுதான். புதியதை அமைத்தவர் 7ஆம் கம்ப்யூட்டரில் இருந்த எண்களை அப்படியே பார்த்து இதிலும் அடித்துவிட்டிருந்தார். இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரி: 192.168.1.7.

பள்ளி மாறும்போது தரும் மாற்றுச் சான்றிதழைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் 'அங்க அடையாளங்கள்' என்று ஓர் இடம் இருக்கும். 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதியிருப்பார்கள். எந்தப் பள்ளிக்குப் போனாலும் அந்த மச்சம் கூடவே வரும். ஆனால் வருகைப் பதிவேட்டில் உங்கள் எண் அப்படியில்லை. இந்த வருடம் 7, அடுத்த வருடம் 11.

கம்ப்யூட்டருக்கும் இந்த இரண்டும் உண்டு. தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பும் மச்சத்துக்கு மேக் முகவரி என்று பெயர். 00-14-67-30-95-28 என்பதுபோல 12 இலக்கம் இருக்கும். (இப்போதைய செல்போன்கள் பல, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மச்சம் வைத்துக்கொள்கின்றன. போகிற இடமெல்லாம் யாரும் அடையாளம் கண்டு பின்தொடரக் கூடாதே!) பதிவேட்டு எண்தான் ஐபி முகவரி. 192.168.1 என்பது வகுப்பின் பெயர் என்றால், கடைசி 7 என்பது அந்த வகுப்பில் உங்கள் எண். எதுவரை வகுப்பு, எது எண் என்று கோடு போட்டுக் காட்டத்தான் அமைப்புப் பக்கத்தில் 255.255.255.0 என்று இன்னொரு வரிசையும் கேட்கிறார்கள். கடைசி இடத்தில் 0 முதல் 255 வரை எழுதலாம். 0 வகுப்புக்கே உரிய எண். 255 என்றால் 'எல்லோரும்' என்று பொருள். மிச்சம் 254 பேர் உட்காரலாம்.

மச்சம் இருக்கும்போது எண் எதற்கு? மச்சத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணலாம். ஆனால் அவர் எந்த வகுப்பில் இருக்கிறார் என்று மச்சம் சொல்லாது.

இப்போது லேபுக்கு வருவோம். புதியது வருவதற்கு முன் அந்தப் பெண் ஒரு படத்தைக் கேட்டாள் என்று வைத்துக்கொள்வோம். படம் இணையத்திலிருந்து ரௌட்டர் வரை வந்துவிட்டது. 192.168.1.7க்குக் கொடுக்க வேண்டும். ஆனால் கேபிளில் அனுப்புவதற்கு மச்சம் தெரிந்தாக வேண்டும். ரௌட்டர் என்ன செய்யும் தெரியுமா? வருகைப் பதிவு எடுக்கும்! "192.168.1.7 யார்?" என்று அறை முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுக்கும். 20 கம்ப்யூட்டருக்கும் அது கேட்கும். 19 பேசாமல் இருக்கும். ஒன்று மட்டும், "உள்ளேன் ஐயா! என் மச்சம் இது" என்று பதில் சொல்லும். ரௌட்டர் அதைக் குறித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அந்தக் குறிப்பை அழித்துவிட்டு மறுபடி கேட்கும். ஆள் மாறியிருக்கலாம் அல்லவா? இந்த முறையை 1982இல் டேவிட் பிளம்மர் என்பவர் எழுதிவைத்தார். இன்றும் உங்கள் வீட்டு வைஃபையில் இதுதான் நடக்கிறது.

அன்று எங்கள் லேபில் இரண்டு பேர் "உள்ளேன் ஐயா" என்றார்கள். ஒரு சமயம் 7இன் மச்சம் பதிவானது, அடுத்த முறை 21இன் மச்சம். படம் சில நேரம் இங்கே வந்தது, சில நேரம் அங்கே போய் வீணானது. அதைத்தான் அந்தப் பெண் "வருது, போகுது" என்றாள். எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாள், பாருங்கள்!

வீட்டில் யாரும் இப்படி எண் அடிப்பதில்லை. ரௌட்டரே பங்கிட்டுக் கொடுக்கிறது. 1993இல் வந்த வழக்கம் இது. புதிதாக வரும் செல்போன், "யாராவது எனக்கு ஓர் எண் தருவீர்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கும். "192.168.1.12 தரட்டுமா?" என்கிறது ரௌட்டர். "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று செல்போன் மறுபடியும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லும். கடைசியாக, "இத்தனை மணி நேரத்துக்கு அது உனக்கு" என்று ரௌட்டர் முடிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்றாவது பேச்சு. தருகிறேன் என்று சொன்ன பிறகும் எதற்கு உரக்கச் சொல்ல வேண்டும்? ஒருவேளை இரண்டு பேர் எண் தர முன்வந்திருந்தால், மற்றவர் தன் எண்ணைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளலாமே!

யாருமே பதில் சொல்லாவிட்டால்? கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளும். அதற்கு முன், "இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கும். நெட் வராதபோது இந்த எண்ணைக் கண்டால், ரௌட்டரின் குரல் வந்து சேரவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள்ளேயும் பள்ளிக்குள்ளேயும் புழங்குவதற்கு என்றே 1994இல் ஒதுக்கப்பட்டவை. பக்கத்து வீட்டிலும் ஒரு 192.168.1.7 இருக்கலாம், தகராறு வராது. இப்படி நான்கு பகுதி கொண்ட ஐபி முகவரிகள் மொத்தமே 429 கோடிதான். உலகத்துக்கு எப்படிப் போதும்? அதனால் வீட்டுக்குள் ஆளுக்கொரு எண், வெளியே ரௌட்டருக்கு மட்டும் ஒரே எண்.

அந்தப் பெண்ணையே கூப்பிட்டு 21ஆம் கம்ப்யூட்டரின் முன் உட்காரவைத்தேன். கடைசியில் இருந்த 7ஐ அழித்துவிட்டு 21 என்று அடித்தாள். இரண்டு திரையிலும் படம் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மூலையில் இருந்த பிரிண்டரைப் பார்த்தாள்.

"சார், அதுக்கும் நம்பர் இருக்கா?"

இருந்தது. 200. எல்லோரும் அதைத் தேடி வர வேண்டியிருப்பதால், அதன் எண்ணை மட்டும் நாங்கள் ஒருநாளும் மாற்றியதில்லை.