பதிவேட்டைப் பூட்டுவோம், பிள்ளையிடம் உண்மையைச் சொல்வோம்



நான் செய்த தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், செஞ்சியில் நான் பாடம் நடத்தும் மாலை நேர மதரஸாவில் ஒரு சிறுமி புதிதாகச் சேர வந்தாள். பதிவேட்டில் எழுதுவதற்காக, "அத்தா பெயர் என்னம்மா?" என்று கேட்டேன். அவளும் சொன்னாள். அருகிலிருந்த பிள்ளை ஒன்று, "ஹஜ்ரத், அவர் இவளுடைய சொந்த அத்தா இல்லை" என்றது. அதனை அங்கேயே தடுக்க வேண்டிய நான், சிறிதும் யோசியாமல் "அப்படியா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் அவளை வளர்ப்பவர் என்னைக் காண வந்தார். கோபப்படவில்லை. "பெரியவளான பிறகு சொல்லலாம் என்றிருந்தோம், ஹஜ்ரத். தெரு முந்திக்கொண்டது" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது.

அச்சிறுமியின் பெயரையோ தெருவையோ இங்கு நான் எழுதவில்லை. பிறர் அறிய வேண்டாதது பிறருக்குத் தெரியக் கூடாது என்பது இக்கட்டுரையின் ஒரு பாதி. பிள்ளை அறிய வேண்டியது பிள்ளைக்கு மறைக்கப்படக் கூடாது என்பது மறு பாதி.

சட்டம் இட்ட பூட்டு

இந்தியக் குழந்தைகள் வெளிநாட்டாரிடம் ஒப்படைக்கப்படுவது குறித்து, இலட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-ஆம் ஆண்டு நெறிமுறைகளை வகுத்தது. விசாரணை மூடிய அறையில் நடைபெற வேண்டும்; ஆணை பிறந்ததும் ஆவணங்கள் அனைத்தும் முத்திரையிட்டு வைக்கப்பட வேண்டும் என்று அப்போதே அது பணித்தது.

முஸ்லிம்களும் விரும்பினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ்க் குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்றும், விரும்பாதவர் தம் மார்க்கச் சட்டத்தின்படியே நடக்கலாம் என்றும் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் வந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டமே இன்று நடைமுறையில் உள்ளது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தத்தெடுப்பு ஆணையை வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு அளிக்கப்பட்டது. செஞ்சிவாசிகளுக்கு அது விழுப்புரம்.

இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிமுறைகள், தத்தெடுப்பில் தொடர்புள்ள எல்லா அமைப்பினரும் அதிகாரிகளும் பதிவேடுகளை இரகசியமாகக் காக்க வேண்டும் எனக் கட்டளையிடுகின்றன. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களைப் பத்திரிகையிலோ பிற ஊடகத்திலோ வெளியிடுவோருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

எதற்காக இத்தனை காவல்? குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கும் தாய்க்குத் தன் முடிவை மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத கால அவகாசம் உண்டு. அதன் பின்னும் பிரிகிறாள் என்றால் அவளுக்கு எத்தனை நெருக்கடி இருந்திருக்கும்! அவளுடைய மானம் காக்கப்பட வேண்டும். குழந்தையும் ஏளனச் சொல் கேளாமல் வளர வேண்டும்.

சாவி யாரிடம்?

இந்தப் பூட்டுக்குச் சாவியையும் விதிமுறைகளே தருகின்றன. பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளை தன் வேரைத் தேடித் தானே விண்ணப்பிக்கலாம். வயது நிரம்பாத பிள்ளை, வளர்க்கும் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அப்போதும் பெற்றவரின் அந்தரங்கம் மீறப்படலாகாது. மூன்றாம் மனிதர் எவருக்கும் அந்த உரிமை இல்லை.

நம் இராஜகிரி மலையேறியவர்கள் அறிவார்கள். உச்சிக் கோட்டைக்கு முன் ஆழமான பிளவு ஒன்றும், அதனைக் கடக்க ஒரு பாலமும் உண்டு. பகைவரைத் தடுக்கப் பிளவு. உரியவர் செல்லப் பாலம். சட்டமும் அப்படியே அமைந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மருத்துவமனையிலோ தரகரிடமோ யாரும் அறியாமல் குழந்தையை வாங்குவோர் அந்தப் பாலத்தையே இடித்துவிடுகின்றனர். பதிவேடே இல்லாத பிள்ளை நாளை எதனைத் தேடும்? உரிய நடைமுறையின்றிக் குழந்தையைக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஜைது (ரலி) காட்டும் பாடம்

சிறுவயதில் கடத்தப்பட்டு உக்காள் சந்தையில் விற்கப்பட்டவர் ஜைது பின் ஹாரிஸா (ரலி). அவரைத் தேடித் தந்தை மக்காவுக்கு வந்தபோது, முடிவை ஜைதிடமே விட்டார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஜைதோ அண்ணலாரைப் பிரிய மறுத்தார். மக்கள் அவரை 'முஹம்மதின் மகன் ஜைது' என்றே அழைத்தனர். பின்னர் அஹ்ஸாப் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கப் பணித்தன. தந்தையர் யாரெனத் தெரியாவிட்டால், அவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்றும் அறிவித்தன. அவரும் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். அண்ணலாருக்கு அவர்மீதிருந்த அன்பு அணுவளவும் குறையவில்லை. திருமறையில் பெயர் குறிப்பிடப்பட்ட நபித்தோழர் அவர் ஒருவரே.

தத்தெடுப்பு ஆணைக்குப் பின் வழங்கப்படும் பிறப்புச் சான்றிதழில் வளர்ப்பவரே பெற்றோராகக் குறிக்கப்படுவர். வீட்டிலுள்ள காகிதம் எதுவும் பிள்ளையின் பிறப்பைப் பற்றிப் பேசாது. ஆகவே நாம்தான் பேச வேண்டும். வம்சத்தை மாற்றிச் சொல்வதை மார்க்கம் கடுமையாகத் தடுக்கிறது. மணம் முடிக்கக் கூடாத உறவுகளை அறிவதற்கும் அந்த உண்மை வேண்டும். காகிதத்திலும் வம்சம் மாறக் கூடாது என்று கருதுவோர், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் பாதுகாவலர் ஆணை பெறலாம். எவ்வழியாயினும் ஆலிம்களிடமும் வழக்கறிஞரிடமும் முன்கூட்டியே கலந்து கொள்ளுங்கள்.

சகோதரிகளே, சகோதரர்களே! எத்தீமைப் பொறுப்பேற்று வளர்ப்பவர், சுட்டு விரலும் நடு விரலும் போலச் சுவனத்தில் தம்மோடு இருப்பார் என்று நற்செய்தி கூறினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அத்தகைய வீடு உங்கள் மஹல்லாவில் இருந்தால், அங்கு நடப்பதைக் கிணற்றடியிலோ கல்யாண வீட்டிலோ பேசாதீர்கள். அது அமானிதம். வளர்க்கும் பெற்றோர்களே, பிள்ளைக்குக் கதை கேட்கும் வயது வந்ததுமே அதன் கதையையும் சிறிது சிறிதாகச் சொல்லுங்கள். பதினெட்டு வயது வரை தெரு காத்திருக்காது.

நானும் திருந்திக்கொண்டேன். இப்போது பெற்றோரைத் தனியே அமர்த்திச் சேர்க்கைப் படிவத்தை நிரப்புகிறேன்.

அச்சிறுமி ஓதுவதை நிறுத்தவில்லை. அன்றிரவே வீட்டில் இருவரும் அவளை நடுவில் அமர்த்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டனராம். சில வாரங்கள் கழித்து என்னிடம் தயங்கித் தயங்கி வந்தாள். "என்னைப் பெற்றவர் எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்னு துஆச் செய்யலாமா, ஹஜ்ரத்?" என்று கேட்டாள்.

"தாராளமாகச் செய், அம்மா" என்றேன்.