எலும்பு கொடுக்கும் கடனும் மலையகத் தாய்மாரும்

எலும்பு என்றதும் மாற்றமற்றதொரு தூண் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது இடையறாது கரைக்கப்பட்டும் மீளக் கட்டப்பட்டும் வருகின்ற உயிருள்ள இழையமாகும். உடலிலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ 99 சதவீதம் எலும்பிலும் பற்களிலும் அடங்கியுள்ளது. எஞ்சிய சிறு பங்கே இதயம் துடிக்கவும், தசை சுருங்கவும், நரம்புகள் செய்தி கடத்தவும், இரத்தம் உறையவும் துணை நிற்கின்றது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை என்ற எல்லைக்குள் இரத்தக் கல்சியம் நிலைத்திருக்க வேண்டும்.

இந்த எல்லையைக் காப்பவை கழுத்தில் தைரொயிட் சுரப்பியின் பின்புறம் அமைந்துள்ள, பருப்பு மணியளவேயான நான்கு பராதைரொயிட் சுரப்பிகளாகும். மனித உடலில் இவற்றை 1880 ஆம் ஆண்டில் விவரித்தவர் சுவீடனைச் சேர்ந்த ஐவர் சான்ட்ஸ்ட்ரோம் ஆவார். இரத்தத்தில் கல்சியம் சற்றுக் குறைந்தாலும் இவை உடனே ஹோர்மோனைச் சுரக்கின்றன. அந்த ஹோர்மோன் சிறுநீரகத்தின் வழியே கல்சியம் வெளியேறுவதைக் குறைக்கின்றது. விற்றமின் 'டி'யைச் செயல்படு நிலைக்கு மாற்றி, உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் கூடுதலாக உறிஞ்சச் செய்கின்றது. எலும்பிலிருந்தும் கல்சியத்தை விடுவிக்கின்றது.

இதில் வியப்புக்குரிய உண்மை ஒன்றுண்டு. எலும்பைக் கரைக்கும் கலங்களுக்கு இந்த ஹோர்மோன் நேரடியாகக் கட்டளையிடுவதில்லை. எலும்பைக் கட்டும் கலங்களே அதன் செய்தியைப் பெற்று, கரைக்கும் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. ஹோர்மோன் ஓயாது மிகுந்திருந்தால் எலும்பு மெலிகின்றது. மாறாக, நாளுக்கொரு முறை சிறிதளவு ஊசி மூலம் ஏற்றப்படும்போது எலும்பு வளர்கின்றது. இவ்வடிப்படையில் அமைந்த டெரிபாரடைட் என்ற மருந்துக்கு 2002 ஆம் ஆண்டில் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

இந்த உடலியல் பாடம் நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களின் லயங்களுக்கும் பொருந்துவதாகும். கோதுமை மா ரொட்டி, சம்பல், வெறுந்தேநீர் என்றே நாட்களைக் கடத்தும் குடும்பங்களின் உணவில் கல்சியம் குறைவு. லயத்தருகே மாடு வளர்ப்போரும் பாலை விற்றுவிட்டு வெறுந்தேநீர் அருந்துவது நாமறிந்ததே. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வெயில் கிடைப்பினும், மழையும் மூடுபனியும் சூழ்ந்த மாதங்களில் அதுவும் குறைகின்றது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியோரும், உடல் முழுவதையும் மூடி உடுத்துவோரும் எங்கு வாழினும் விற்றமின் 'டி' குறித்துக் கவனம் கொள்ளல் வேண்டும்.

2016 ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமற்ற ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள் நாடளாவிய ரீதியில் சுமார் 17 சதவீதத்தினராயிருக்க, நுவரெலியா மாவட்டத்தில் சுமார் 32 சதவீதத்தினராயிருந்தனர். இதற்குக் கல்சியக் குறைபாடு மட்டுமே காரணமன்று. ஆயினும் மலையகத்தின் போசாக்கு நிலையை இது தெளிவாகவே எடுத்துரைக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். உணவில் கல்சியம் குறைந்தாலும், இரத்தப் பரிசோதனை அறிக்கை வழமையான அளவையே காட்டக்கூடும். பற்றாக்குறையை எலும்பு ஓசையின்றிக் கொடுத்துத் தீர்ப்பதே அதற்குக் காரணம். பல்லாண்டுகள் இவ்வாறு தொடர்ந்தால், மாதவிடாய் நின்ற பின்னர் எலும்பு மேலும் விரைவாக மெலிந்து, வழுக்கும் மலைச்சரிவில் ஒரு சிறு வீழ்ச்சியே இடுப்பெலும்பை முறித்துவிடலாம். கூடை சுமந்து உழைத்தவருக்கு அது எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் படுக்கையில் முடக்கும் துயராகலாம்.

தீர்வு எட்டாத தொலைவில் இல்லை. குரக்கன் மா, முள்ளோடு உண்ணும் நெத்தலிக் கருவாடு, முருங்கையிலை, தயிர் ஆகியன நாமறிந்த உணவுகளே. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் வழங்கப்படும் கல்சியம் மாத்திரையைத் தவறாது உட்கொள்ள வேண்டும். அதனை இரும்புச்சத்து மாத்திரையுடன் ஒரே வேளையில் உட்கொள்ளலாகாது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் அருந்துவதும் பயனைக் குறைக்கும்.

எனினும் அறிவுரை மட்டும் போதாது. பாலும் கருவாடும் வாங்கக் கூலி இடங்கொடுக்க வேண்டும். அம்பேவலப் பண்ணைகளில் பால் பெருகும் அதே மாவட்டத்தில் தாய்மாரின் எலும்பு கடன் கொடுத்துக்கொண்டே இருப்பது நியாயமாகாது. தோட்ட நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் சுகாதாரத் துறையினரும் இதனைக் கூலிப் பிரச்சினையின் ஓர் அங்கமாகவே கருதிச் செயற்படுதல் வேண்டும்.