ஏற்றிய வட்டும் ஏடு காக்கும் நிரலும்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறு படியில்லாத ஏடுகள் பல மீளாதொழிந்தன. ஒன்றை ஈரிடத்து வைத்துக் காத்தல் வேண்டும் என்பது அத் தீ உணர்த்திய பாடம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களை மின்படிகளாக்கிக் காத்து வருகின்றது. நம் கல்லூரி மலர்களையும் அவ்வாறு காக்க விழைந்த பழைய மாணவர் சிலர், கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலையிற் கூடி, புறவட்டொன்றிற் படியெடுக்கும் மாதிரி நிரலை எழுதினர். அதன் தமிழ் விளக்கத்தைத் திருத்தப் புகுந்த யாம் நிரலையும் கற்கலாயினோம்.

லினக்ஸ் இயங்குதளத்திற் புறவட்டு ஒரு கோப்புறையின்மீது ஏற்றப்படும். வட்டை ஏற்றாவிடினும் அக் கோப்புறை வெறுமையாய் அங்கிருக்கும். நிரல் அதனுள் எழுதின், படிகள் உள்வட்டிலேயே சேரும். அவ்வட்டுப் பழுதுறும் நாளில் மூலமும் படியும் ஒருங்கே அழியும். ஆதலின், ஏற்றப்பட்ட கோப்பு முறைமைகளின் பட்டியலை இயங்குதளத்திடம் கேட்டறிந்த பின்னரே எழுதல் வேண்டும்.

அப் பட்டியல் ‘புரொக்’ கோப்புறையிலுள்ள ‘மவுண்ட்ஸ்’ கோப்பிற் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் வெற்றிடத்தாற் பிரிக்கப்பட்ட 6 பகுதிகள் உள. முதலாவது சாதனம்; இரண்டாவது ஏற்றிய இடம். மாதிரி நிரல் வெற்றிடங்கண்டு வரியைப் பகுத்தது. கோப்புறையின் பெயரோ ‘பழைய மலர்’. பெயரிலுள்ள வெற்றிடத்தை இயங்குதளம் பின்சாய்கோடும் 040 என்னும் எண்ணுமாக மாற்றி எழுதும். அதனை மீட்டு வாசியாத நிரல், ஏறியிருந்த வட்டையும் ஏறவில்லை என்றது. பதம் பிரிக்க அறியாதார் செய்யுட்குப் பிழைபட உரைத்தல் போன்றது இது. சி மொழியிலுள்ள ‘கெட்எம்என்டிஎன்ட்’ என்னும் செயற்கூறு அவ்வெண்ணை வெற்றிடமாக மீட்டுத் தரும்.

அதனைக் கொண்டு திருத்திய நிரலிலும் ஒரு குற்றங் கண்டோம். அச் செயற்கூறு ஒவ்வொரு பதிவையும் ஒரே நினைவிடத்தில் எழுதும். கரும்பலகையிற்போல, அடுத்தது முன்னதை அழித்துவிடும். நிரல் சுட்டிகளை மட்டும் சேர்த்து வைத்தமையால், அவை யாவும் ஒரே பதிவைக் காட்டின. பதிவை உடனுக்குடன் வேறிடத்துப் படியெடுத்து வைக்க, அக் குற்றம் நீங்கிற்று.

ஓலையில் ஒருவர் செய்த பிழை படிதோறும் தொடர்ந்ததை ஏடு பதிப்பித்தோர் அறிவர். மாதிரி நிரலும் அத்தகையதன்றோ? பலர் பார்த்தெழுதுவதாகலின், பன்முறை ஆராய்ந்தே வெளியிடல் வேண்டும். நம் மலர்களைப் படியெடுக்கும் அன்பர்களும், வட்டு ஏறியதா என வினவி விடை பெற்ற பின்னரே எழுதுவாராக.