பழி மண்ணீரலுக்கு, கசிவு வயிற்றில்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு மண்ணீரல் பெருத்திருக்கிறது என்றால், முந்திய தலைமுறை வைத்தியர்களுக்கு முதலில் நினைவு வருவது குலைப்பன் காய்ச்சல், அதாவது மலேரியாதான். ஆங்கிலேயர் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவின் கீழே கைவைத்துத் தடவிப் பார்த்தே ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என்று கணித்தார்கள். போர்க்காலத்தில் வடக்கில் அது மறுபடி தலையெடுத்தது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. நோய் போய்விட்டது, மலேரியா மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குளிசை மட்டும் மூட்டுவாத கிளினிக்கில் தங்கிவிட்டது.

ஆகவே பல வருட முடக்குவாதக்காரர் ஒருவருக்கு இன்று மண்ணீரல் வீங்கினால் வேறு திசையில் யோசிக்க வேண்டும். 1924இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் அகஸ்டஸ் ராய் பெல்ட்டி என்ற வைத்தியர் 5 நோயாளிகளைப் பற்றி எழுதினார். மூட்டுவாதம், பெருத்த மண்ணீரல், குறைந்த வெண்குழியம் மூன்றும் அவர்களிடம் ஒன்றாக இருந்தன. இதுவே பெல்ட்டி நோய்க்கூட்டம். முடக்குவாதக்காரரில் நூற்றுக்கு 1 முதல் 3 பேர் என்பது பழைய கணக்கு. நல்ல மருந்துகள் வந்தபின் அதுவும் குறைந்துவிட்டது.

இவர்களில் பலருக்குக் குருதிச்சோகையும் இருக்கும். உடனே, "மண்ணீரல் இரத்தத்தைத் தின்னுது" என்பார்கள். பாதி உண்மை. பெருத்த மண்ணீரல் செங்குழியங்களைத் தேக்கி வைக்கும், 120 நாள் வாழவேண்டியவற்றை முன்கூட்டியே அழிக்கும். கூடவே குருதியின் நீர்ப்பகுதி கூடிவிடுவதால், ஈமோகுளோபின் உள்ளதைவிடக் குறைவாகவே அறிக்கையில் தெரியும். ஆனாலும் பெரும்பாலும் முதற் குற்றவாளி அது அல்ல.

ஓர் அறிக்கையைக் கற்பனை செய்வோம். 55 வயது அம்மா, 12 வருட முடக்குவாதம். ஈமோகுளோபின் 8.5. செங்குழியத்தின் சராசரிப் பருமன் 72. 80க்கு மேல் இருக்கவேண்டியது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 60. "இரும்புச்சத்து நோர்மல்தானே" என்று தாளை மடித்துவிடக் கூடாது. மூட்டு அழற்சி இருக்கும்போது பெரிட்டின் தானாகவே ஏறும். அந்த நிலையில் 100க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்த கேள்வி: நோவுக்கு என்ன குளிசை போடுகிறீர்கள்? பார்மசியில் வாங்கிய டைக்ளோபெனக்கை வருடக்கணக்காக விழுங்குபவருக்கு இரைப்பையில் புண் வந்து, கண்ணுக்குத் தெரியாமலே குருதி கசியலாம். வயிற்றெரிவுகூட இல்லாமல் இருக்கலாம். மலம் தார்போல் கறுத்திருந்தால் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பெல்ட்டிக்காரர் சிலருக்கு ஈரலும் பாதிக்கப்பட்டு, உணவுக்குழாய் நாளங்கள் புடைத்து அங்கேயும் குருதி கசியும்.

மற்றப் பெரிய காரணம் மூட்டுவாதமேதான். புதிய செங்குழியங்களுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து உடலில் சேர்வது 1 முதல் 2 மில்லிகிராம். மிச்சமெல்லாம் பழைய செங்குழியங்களை உடைத்து மீட்பது. அழற்சி கூடும்போது ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைச் சுரந்து, குடலிலும் மண்ணீரலிலும் இரும்பு வெளியேறும் வாசலை அடைத்துவிடும். இரும்பு உள்ளே இருக்கும், என்பு மச்சைக்குப் போய்ச் சேராது. இந்த நிலையில் முருங்கையிலை வறையும் இரும்புக் குளிசையும் மட்டும் போதாது, மூட்டழற்சியை அடக்கவேண்டும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் நம் பழக்கம் இருக்கிற கொஞ்ச இரும்பையும் உறிஞ்சவிடாது என்பது வேறு கதை.

செங்குழியத்தின் பருமன் 100ஐத் தாண்டினால் கதை மாறும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட்டால் போலேட் குறையலாம். முட்டை, பால்கூடத் தொடாத கடுஞ்சைவக்காரருக்கு பி12 குறையலாம். மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் போடும் மருந்து. தவறுதலாகத் தினமும் விழுங்கினால் என்பு மச்சையே முடங்கி உயிராபத்து வரும். இன்னொரு மூட்டுவாத மருந்தான சல்பசலசீன் சிலருக்குச் செங்குழியங்களை உடைக்கும், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு முக்கியமாக. பெல்ட்டியைப் போலவே வேடமிடும் ஒருவகை மெதுவான குருதிப் புற்றுநோயும் உண்டு. அதையும் பார்த்துவிட வேண்டும்.

பெல்ட்டியில் உயிருக்கு உலை வைப்பது சோகையைவிட வெண்குழியக் குறைவுதான். காய்ச்சலும் குறைந்த வெண்குழியமும் சேர்ந்தால் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் டெங்கு என்றே நினைப்போம். முடக்குவாதக்காரர் அப்படி நினைத்து வீட்டிலிருக்கக் கூடாது. பழைய இரத்த அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மண்ணீரலை எடுத்துவிட்டால் பலருக்கு வெண்குழியம் ஏறும், சிலருக்கு மறுபடி இறங்கிவிடும். நிமோகொக்கஸ் போன்ற கிருமிகளை எதிர்க்கும் வலுவோ ஆயுளுக்கும் குறைந்தே இருக்கும். அதனால் இப்போது முதலில் மெதோட்ரெக்சேட், சரிவராவிட்டால் ரிட்டக்சிமாப். சத்திரசிகிச்சைதான் என்று முடிவானால், குறைந்தது 2 வாரத்துக்கு முன்பே தடுப்பூசிகளைப் போட்டுவிடுவார்கள்.