அம்மாவின் ஆறாவது டப்பா

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு அடுக்களைப் பரணில் ஐந்து டப்பாக்கள் இருந்தன. பால்காசு, பள்ளிக்கூடம், சீட்டு, நல்லது கெட்டது, குலசாமி. அப்பா மில் சம்பளத்தைக் கொண்டுவந்த அன்றைக்கே அம்மா தரையில் உட்கார்ந்து பிரித்துப் போட்டுவிடுவாள். போட்ட பிறகு ஒரு டப்பாக் காசு இன்னொன்றுக்குப் போகாது.

1998இல் தம்பிக்கு டைபாய்டு. செலவுக்கு அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. 1,500 ரூபாய், ரெண்டு வட்டி. மாதம் 30 ரூபாயாகப் பதினோரு மாதம் கட்டித்தான் மீட்டோம். அப்போது குலசாமி டப்பாவில் 1,800 ரூபாய் இருந்தது. எண்ணிப் பார்த்தவன் நான். கேட்டதற்கு, "சாமி காசுடா, அதுல கை வைக்கலாமா?" என்றாள். வட்டியாய்ப் போன அந்த 330 ரூபாய் வெகுநாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பின்னாளில், 2017இல், பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் இந்தப் பழக்கத்தைத்தான் ஆராய்ந்தார். தமிழில் மனக்கணக்கு என்றே சொல்லலாம். பள்ளியில் எழுதாமல் மனத்திலேயே போடும் கணக்கில்லை, மனம் காசுக்குப் பெயர் வைக்கும் கணக்கு. இதைப் பற்றி 1981இல் டிவெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். நாடகத்துக்குப் போகிறீர்கள், டிக்கெட் 10 டாலர். வாசலில் பார்த்தால் பையிலிருந்த 10 டாலர் நோட்டைக் காணோம். டிக்கெட் வாங்குவீர்களா? நூற்றுக்கு 88 பேர் வாங்குவோம் என்றார்கள். இன்னொரு கூட்டத்திடம், வாங்கி வைத்த டிக்கெட்டே தொலைந்துவிட்டதாகச் சொல்லிக் கேட்டபோது அது 46 ஆகிவிட்டது. நஷ்டம் இரண்டிலும் 10 டாலர்தான். ஆனால் தொலைந்த டிக்கெட் 'நாடகம்' என்ற டப்பாவைக் காலி செய்துவிட்டது.

இதைப் படித்தபோது அம்மா செய்தது தப்புக்கணக்கு என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஆனால் கைமீறிச் செலவழிக்காதிருக்க மனிதர்கள் போட்டுக்கொள்ளும் வேலி இது என்றும் தேலர் சொல்கிறார். அது எனக்குப் புரிய இன்னொரு டப்பா வேண்டியிருந்தது.

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலை அம்மா கடுகு டப்பாவைக் கவிழ்த்தாள். கடுகுக்கு அடியில், பாலித்தீன் உறையில், பதினான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். "அப்பாட்ட சொல்லிராத" என்றாள். இது எதற்கு என்று கேட்டேன். தோடு அடகுக்குப் போன வருஷம் சேர்க்க ஆரம்பித்ததாம். அடுத்த முறை யாருக்காவது முடியாமல் போனால் சாமி காசையும் தொடாமல், கடைக்காரன் முன்னாலும் நிற்காமல் இருக்க.

பதினெட்டு வருஷம் அந்த 330 ரூபாயை நான் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.

பணத்தை என் கணக்கில் கட்டி, இரண்டு வாரம் கழித்து எடுத்துக் கொடுத்தேன். மூன்று இரண்டாயிரம் நோட்டு, பத்து நூறு. அம்மா நூறுகளை மட்டும் எண்ணிக் கடுகுக்கு அடியில் வைத்தாள். இளஞ்சிவப்பு நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"சில்லறையா மாத்திக் கொண்டாடா. இதை எப்படிப் பிரிக்கிறது?"